மூன்று வரிக்கு ஒரு ஓட்டை

நேற்று விடிகாலை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் மண்டியில் நிற்காமல் 40 பில் அடித்தோம். நாற்பதாவது பில்லில் தேதி அதற்கான கட்டத்துக்குள்ளேயே விழுந்தது. இந்த ஒரு தேதிக்காக மூன்று வாரம் அலைந்திருக்கிறேன். அதில் இரண்டு வாரம் முழுக்க என் மடத்தனம். மறப்பதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

மிஷின் ஒன்பது ஊசி டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், வரிக்கு 80 எழுத்து அடிக்கும் ரகம். மண்டியில் லேசர் பிரிண்டரும் இருக்கிறது, ஆனால் பில் அடிக்க அது உதவாது. விவசாயிக்கு ஒன்று, வாங்குகிற வியாபாரிக்கு ஒன்று, மண்டிக்கு ஒன்று என மூன்று பிரதி ஒரே அடியில் வர வேண்டும். ஊசி அடித்தால்தான் கீழ்த்தாளிலும் எழுத்து விழும். தாள் 10 அங்குல அகலம், பில் ஒன்றுக்கு 6 அங்குல நீளம், மூன்று தாள் ஒட்டியது. கார்பன் தனியாக வேண்டாத ரகம். மண்டி பெயர், கட்டங்கள், பூ வகை எல்லாம் சிவகாசியில் அச்சடித்து, மடிப்பு மடிப்பாகப் பெட்டியில் வரும்.

புகார் இதுதான். முதல் பில் சரியாக வரும். பத்தாவது பில்லில் எழுத்து ஒரு வரி மேலே ஏறியிருக்கும். இருபதைத் தாண்டினால் விவசாயி பெயர் மண்டியின் போன் நம்பர் மேல் உட்காரும். போதாததற்கு, திடீரென்று ஒரு பில்லில் அரை அங்குலம் குதித்துக் கோணலாகப் போகும், ஓரம் கிழியும். கணக்கர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். இருபது பில்லுக்கு ஒருமுறை பக்கவாட்டுக் குமிழைத் திருகித் தாளை நேராக்குவார், அதுவும் மிஷின் ஆனில் இருக்கும்போதே. உள்ளே மோட்டார் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் திருகினால் பல்தான் தேயும். "ஐயா, ஆஃப் பண்ணிட்டுத் திருகுங்க" என்றால், "காலையில நாலரை மணிக்கு ஆஃப் பண்ணி ஆன் பண்ண நேரமிருக்கா தம்பி?" என்பார். அவர் சொல்வதும் நியாயம்தான். உசிலம்பட்டிப் பக்கமிருந்தும் திருமங்கலம் பக்கமிருந்தும் வந்த கூடைகள் வரிசையில் நிற்கும்போது யாருக்கும் பொறுமை இருக்காது.

நல்லவேளை, இது மார்கழி. பனியில் மல்லி வரத்து குறைந்து பில்லும் குறைந்துவிடும். காலை பத்து மணிக்கு மேல் மிஷினை நான் எடுத்துக்கொள்ளலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

முதலில் எனக்குப் பட்டது டிராக்டர் பல். தாளின் இரண்டு ஓரத்திலும் ஓட்டை இருக்கிறதல்லவா, அதில் மாட்டி இழுக்கும் பல் வைத்த பட்டையைத்தான் டிராக்டர் என்கிறோம். பட்டை தளர்ந்து தாள் நழுவுகிறது என்று முடிவே கட்டிவிட்டேன். அளந்து பார்க்கவில்லை, ஓட்டையைக்கூடப் பார்க்கவில்லை. நேராக டவுன்ஹால் ரோடு பக்கம் போய், பழைய மிஷினில் கழற்றிய டிராக்டர் ஜோடி ஒன்றை 450 ரூபாய்க்கு வாங்கி வந்தேன். மாட்ட முக்கால் மணி நேரம் ஆனது. இடது பக்கத்தை முதலில் பூட்டி, வலது பக்கத்தைத் தளர்வாக விட்டு, தாளைப் போட்டுத் தொய்வு எடுத்தபின் பூட்ட வேண்டும். ரொம்ப இழுத்துப் பூட்டினால் ஓட்டை பக்கவாட்டில் நீளும், தளர்ந்தால் தாள் நடுவில் தொப்பை போடும்.

பூட்டி அடித்தேன். பத்தாவது பில்லில் ஒரு வரி ஏறியிருந்தது.

"என்னப்பா, புதுப் பல்லு கட்டியும் ஏறுதே?" என்றார் முதலாளி. என்னிடம் பதில் இல்லை. அந்த 450 ரூபாயை அவரிடம் கேட்கவும் மனம் வரவில்லை.

அடுத்த நாள்தான் குப்பைக் கூடையில் கிடந்த கிழிந்த ஓரங்களை எடுத்து உட்கார்ந்தேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. ஓட்டை ஏறக்குறைய 4 மி.மீ. வட்டம். நல்ல ஓட்டை வட்டமாகவே இருக்கும். கூடையில் கிடந்தவற்றில் இரண்டு விதக் காயம் தெரிந்தது. சில துண்டுகளில் ஓட்டையின் முன் விளிம்பு, அதாவது தாள் போகும் திசையில் இருக்கும் விளிம்பு, பிறை போல நைந்திருந்தது. வேறு சிலவற்றில் பின் விளிம்பு கிழிந்திருந்தது.

கொஞ்ச நேரம் பல்லையும் தாளையும் கையால் நகர்த்திப் பார்த்தபின் புரிந்தது. பல் தாளைத் தள்ளும்போது முன் விளிம்பில்தான் முட்டும். தாள் வர மறுத்துப் பின்னால் யாரோ பிடித்து இழுப்பது போலிருந்தால் அந்த விளிம்பு கிழியும். பின் விளிம்பு கிழிய வேண்டுமென்றால் தாள் பல்லைவிட வேகமாக முன்னே ஓட வேண்டும். முன்னாலிருந்து வேறு ஏதோ அதை இழுக்கிறது. ஒரே மிஷினில் இரண்டும் இருந்தால் இரண்டு தனித்தனி வியாதி.

பின்னால் பிடித்து இழுத்தது தாள் பெட்டி. மேஜைக்கு அடியில் இடது ஓரமாக, தரையில், பூச்சாக்கு பக்கத்தில் கிடந்தது. மிஷினுக்கு நேர் கீழே இல்லை, நாலு விரற்கடை விலகி இருந்தது. தாள் சாய்வாக மேலேறும்போது பெட்டியின் அட்டை ஓரத்தில் உரசியது. பூ மண்டியில் தரை என்றைக்கும் ஈரம்தான். பெட்டியின் அடிப்பக்கம் ஊறி, தாள் மடிப்பு ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. மூன்று தாள் ஒட்டிய ரகத்தில் ஈரம் ஏறினால் இன்னொரு தொல்லை: மேல்தாள் ஒரு பக்கம், அடித்தாள் ஒரு பக்கம் என்று நெளியும், மூன்றின் ஓட்டையும் நேராக நிற்காது.

தக்காளிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் தாள் பெட்டியை வைத்தேன். தாளின் நடுவும் டிராக்டரின் நடுவும் ஒரே கோட்டில் வரும்படி ஒரு நூலில் நட்டைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன். பெட்டி வாயின் இரண்டு பக்க அட்டையையும் கத்தியால் வெட்டி எடுத்தாயிற்று. ஊறிய தாளைக் காயவைத்துப் பயன்படுத்தலாம் என்று முதலாளி சொன்னார். காயவைத்தேன். அப்பளம் மாதிரி ஆனது. அதோடு விட்டேன்.

முன்னால் இழுத்தது உருளை. இது கணக்கரின் கைங்கரியம். மாதக் கடைசியில் வியாபாரிகளுக்குப் பாக்கிக் கணக்கை ஏ4 தாளில் ஒவ்வொன்றாக இதே மிஷினில்தான் அடிப்பார். ஒற்றைத் தாளுக்கு ஓட்டை கிடையாது, டிராக்டரால் ஒன்றும் செய்ய முடியாது. கறுப்பு ரப்பர் உருளையும் அதன் அடியில் அழுத்தும் குட்டி உருளைகளும்தான் தாளைக் கவ்வி நகர்த்தும். பக்கத்தில் ஒரு லிவர் இருக்கிறது. ஒற்றைத் தாள் பக்கம் தள்ளினால் குட்டி உருளைகள் மேலேறிக் கவ்வும், தொடர் தாள் பக்கம் தள்ளினால் இறங்கி விட்டுவிடும். பாக்கிக் கணக்கை அடித்து முடித்த அவசரத்தில் லிவரைத் திருப்பாமல் பில் தாளைப் போட்டுவிடுவார். பல் ஒரு பக்கம், ரப்பர் ஒரு பக்கம் என இரண்டு பேரும் தாளை இழுக்கிறார்கள். ரப்பர் வழவழப்பாகிப் பிடி ஒரே சீராக இல்லாததால் இரண்டு வேகமும் ஒத்துப்போவதில்லை. சில பில்கள் வரை தாள் தாங்கும், அப்புறம் ஓட்டை கிழிந்து குதிக்கும். திடீர்க் கோணலுக்குக் காரணம் இதுதான்.

லிவரின் இரண்டு நிலைக்கும் பக்கத்தில் வீட்டிலிருந்து கொண்டுவந்த நகப்பூச்சால் ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் நீலம் வைத்தேன். பில் தாள் பெட்டியில் சிவப்புப் புள்ளி, ஏ4 கட்டில் நீலப் புள்ளி. அதற்குப் பிறகு ஓட்டை கிழியவில்லை, குதிக்கவும் இல்லை.

ஆனால் ஏறுவது மட்டும் நிற்கவில்லை.

இந்த இடத்தில்தான் ஒருவழியாக ஸ்கேலை எடுத்தேன். 60 ரூபாய் ஸ்டீல் ஸ்கேல். 31 பில் கிழிக்காமல் தொடராக அடித்து, மண்டியின் சிமெண்டுத் திண்ணையில் நீளமாக விரித்தேன். மேல் கிழிப்புக் கோட்டிலிருந்து தேதி வரி எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்தேன். முதல் பில்லில் 31 மி.மீ. பதினொன்றாவதில் 27. இருபத்தொன்றாவதில் 23. முப்பத்தொன்றாவதில் 19.

பத்து பில்லுக்கு 4 மி.மீ., ஒரு மயிரிழை கூடவுமில்லை குறையவுமில்லை. பூக்காரம்மா ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "என்னய்யா, பந்தி விரிக்கிறியா?" என்று கேட்டுப் போனார்.

ரப்பரோ பல்லோ நழுவினால் இப்படி ஒழுங்காக நழுவாது. ஒரு பில்லில் 1 மி.மீ., அடுத்ததில் ஒன்றுமில்லை, அதற்கடுத்ததில் 3 என்று மனம்போனபடி இருக்கும். பில்லுக்குப் பில் 0.4 மி.மீ. என்று கணக்குப்பிள்ளை மாதிரி கழிக்கிறது என்றால் யாரோ கணக்கில் தவறு விட்டிருக்கிறார்கள்.

மிஷின் மேல் தவறில்லை என்று உறுதி செய்துகொள்ள ஒரு சோதனை. கம்ப்யூட்டர் வயரைக் கழற்றிவிட்டு, பட்டனைப் பிடித்தபடி ஆன் செய்தால் மிஷின் தானாகவே வரி வரியாக அடித்துத் தள்ளும். இதை அளக்க ஸ்கேல்கூட வேண்டாம். தொடர் தாளில் ஓட்டைக்கு ஓட்டை அரை அங்குலம், எந்தக் கம்பெனித் தாளானாலும் அதே. சாதாரண இடைவெளியில் அங்குலத்துக்கு 6 வரி. அப்படியானால் மூன்று வரிக்கு ஒரு ஓட்டை வர வேண்டும். 72 வரி எண்ணினேன், 24 ஓட்டை. முதல் வரி ஓட்டைக்கு எந்த மட்டத்தில் இருந்ததோ, அதே மட்டத்தில் எழுபத்துமூன்றாவது வரியும் நின்றது. தாளின் ஓரத்திலேயே ஸ்கேல் இருக்கிறது. பத்து வருடமாக இந்தத் தாளைக் கிழித்துக் குப்பையில் போட்டிருக்கிறேன், ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.

அப்படியானால் ஒரு பில் 6 அங்குலம், 12 ஓட்டை, 36 வரி, 152.4 மி.மீ. கடைசி எண்ணைத் தாளில் எழுதிய உடனே வயிற்றைக் கலக்கியது.

இரண்டு மாதத்துக்கு முன் மண்டியில் பழைய கம்ப்யூட்டரை மாற்றினார்கள். புதியதில் பிரிண்டரை ஏற்றிக் கொடுத்தது நான்தான். விண்டோஸில் பிரிண்ட் சர்வர் ப்ராபர்ட்டீஸ் திறந்து இந்தப் பில்லுக்கென்று தனித் தாள் அளவு உருவாக்கினேன். சென்டிமீட்டர் கேட்டது. 6 அங்குலத்துக்கு 15.2 என்று போட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். 15.24 போட்டிருக்க வேண்டும். அந்த 0.04 சென்டிமீட்டர்தான் பில்லுக்கு 0.4 மி.மீ. கம்ப்யூட்டர் தாள் முடிந்ததென்று நினைத்து அடுத்த பில்லை ஆரம்பிக்கும் இடத்தில் உண்மையான தாள் இன்னும் 0.4 மி.மீ. பாக்கி இருக்கிறது. அடுத்த பில்லின் எழுத்து அவ்வளவு மேலே ஏறுகிறது. ஒரு வரி என்பது 4.2 மி.மீ. சொச்சம், ஆகவே ஏறக்குறைய பத்து பில்லுக்கு ஒரு வரி. கணக்கர் சொன்ன புகார் அட்சரம் பிசகாமல் சரி. 25 பில்லில் ஒரு சென்டிமீட்டர்.

ஒற்றைத் தாளாக இருந்தால் இந்தத் தவறு காலத்துக்கும் தெரிந்திருக்காது. ஒவ்வொரு ஏ4 தாளும் மேல் விளிம்பிலிருந்து புதிதாகத் தொடங்கும், முந்தைய தாளின் பிழை அதோடு வெளியே போய்விடும். தொடர் தாளில் முதல் பில்லின் பிழை இரண்டாவது பில்லின் தலையில் ஏறும், அது மூன்றாவதின் தலையில். மிஷின் தாளின் தலையைப் பார்ப்பது பெட்டி மாற்றி முதல் தாளைப் போடும்போது ஒரே ஒரு முறைதான். அப்புறம் எல்லாம் எண்ணிக்கை நம்பிக்கை.

புதிய தாள் அளவு ஒன்று உருவாக்கினேன், அகலம் 25.4, உயரம் 15.24. பழையதை நீக்கினேன். கூடவே மிஷினின் சொந்த அமைப்பையும் பார்த்தேன். அதில் பக்க நீளம் 12 அங்குலம் என்று இருந்தது. அதனால்தான் தாள் தள்ளும் பட்டனை அமுக்கினால் இரண்டு பில் சேர்ந்து போய் ஒன்று வீணாகியிருக்கிறது. அதையும் 6 ஆக்கினேன். இது தனியாக மாற்ற வேண்டிய இடம். கம்ப்யூட்டரில் மாற்றினால் இங்கே மாறாது.

முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். சிரித்தார். "அப்ப அந்தப் பல்லு?" என்றார். "அது என் கணக்குல அண்ணே" என்றேன்.

இதோடு முடித்துக்கொண்டு வந்திருக்கலாம். கணக்கர் விடவில்லை. "பாக்கிக் கணக்குத் தாளும் கோணலாத்தான் போகுது, அதையும் பாத்துட்டுப் போங்க."

ஏ4 தாளில் 61 வரி அடித்து அளந்தேன். முதல் வரிக்கும் அறுபத்தொன்றாவது வரிக்கும் நடுவே 254 மி.மீ. இருக்க வேண்டும். 250 இருந்தது. இடது ஓரம் மேலிருந்து கீழே வருவதற்குள் 6 மி.மீ. சாய்ந்திருந்தது. இங்கே ஓட்டையும் இல்லை, பல்லும் இல்லை. ரப்பரின் பிடிதான் எல்லாம். இரண்டு தாள் அடித்தால் இரண்டு அளவு வந்தது. அதாவது நிஜமாகவே நழுவுகிறது.

மேல் மூடி, ரிப்பன், தாள் தாங்கி எல்லாம் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். இடது குட்டி உருளையின் அச்சில் ஏதோ சுற்றியிருந்தது. முதலில் ரிப்பன் நூல் என்று நினைத்தேன். இடுக்கியால் பிடித்து இழுத்தால் வந்துகொண்டே இருக்கிறது. வாழைநார். பூக் கட்டுகிற வாழைநார், காய்ந்து பழுப்பேறி, அச்சில் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றியிருந்தது. ஒரு முழம் தேறும். அதன் அடியில் நசுங்கிச் சருகாகிப் போன ஒரு மல்லி மொக்கு. மேஜைக்கு மேலே கொடி கட்டி அதில்தான் நாரைத் தொங்கவிடுகிறார்கள். விழுந்ததை உருளை அமைதியாகச் சுருட்டி வைத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்க உருளை சரியாக அழுத்தாததால் வலது பக்கம் தாளை வேகமாக இழுத்து, இடது பக்கம் பின்தங்கி, கோணல்.

ரப்பர் உருளையைத் துடைத்தது அடுத்த வேலை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் 100 மி.லி. 90 ரூபாய். பழைய வேட்டித் துணியைக் கொஞ்சமாக நனைத்து, மிஷினை ஆஃப் செய்து, குமிழைத் திருகித் திருகித் துடைத்தேன். மூன்று துணி கறுத்தது. ரப்பரை ஊறவிடக் கூடாது, துடைத்த கையோடு உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். முன்பு ஒருமுறை தின்னரில் துடைத்து வேறொருவர் மிஷினின் உருளையைப் பிசுபிசுப்பாக்கிய அனுபவம் எனக்கு உண்டு. அந்தக் கதை இங்கே வேண்டாம்.

துடைத்தபின் 60 வரி 253.5 மி.மீ. வந்தது. சாய்வு 1 மி.மீ.க்கும் குறைவு. இந்த ரப்பரின் வயதுக்கு இதற்கு மேல் கேட்பது பேராசை.

ஊசிகள் இருக்கும் தலைக்கும் தாளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை மாற்றும் லிவரையும் கணக்கருக்குக் காட்டினேன். மூன்று தாள் ரகத்துக்கு இரண்டு படி தள்ளி வைக்க வேண்டும், ஒற்றைத் தாளுக்குப் பழைய இடம். மூன்று தாளை ஒற்றைத் தாள் இடைவெளியில் ஓட்டினால் தலை தாளில் உரசி மை இழுபடும், மடிப்பு வரும் இடத்தில் தட்டும். இதற்கும் நகப்பூச்சு.

செலவு: வீணான டிராக்டர் 450, ஸ்கேல் 60, ஆல்கஹால் 90. சோதனைக்கும் ஈரத்துக்கும் போன பில் தாள் 120 செட், ஒன்று 3 ரூபாய் வீதம் 360. தக்காளிப் பெட்டியும் நகப்பூச்சும் இலவசம், நகப்பூச்சுக்கு வீட்டில் வாங்கிய ஏச்சு தனி. உண்மையில் தேவைப்பட்ட செலவு 150 ரூபாய்.

இன்னொரு முறை இப்படி ஒரு மிஷின் வந்தால் ஸ்க்ரூடிரைவரைப் பையிலேயே விட்டுவிட்டு முதலில் முப்பது பில் விரித்து அளப்பேன். சோதனையை அச்சடித்த தாளில் செய்யாமல் வெள்ளைத் தொடர் தாளில் செய்வேன், அது பாதி விலைக்கும் குறைவு. ஓட்டை எண்ண வெள்ளைத் தாள் போதும். தாள் அளவைச் சென்டிமீட்டரில் போடாமல் அங்குலத்துக்கு மாற்றிவிட்டு 6 என்று போடுவேன்.

நேற்று 40 பில் அடித்த பிறகு நாற்பதாவதை அளந்தேன். தேதி 31 மி.மீ. கீழே. கணக்கர் பழக்க தோஷத்தில் குமிழைத் திருகக் கையைக் கொண்டுபோய், பிறகு எடுத்துக்கொண்டார். நாரைத் தொங்கவிடும் கொடியை இரண்டடி தள்ளிக் கட்டச் சொல்லியிருக்கிறேன், இன்னும் கட்டவில்லை. கிளம்பும்போது பார்த்தால் தாள் பெட்டி மேல் யாரோ ஈரச் சாக்கை மடித்து வைத்திருந்தார்கள். எடுத்துக் கீழே போட்டுவிட்டு வந்தேன்.